மிதிக்கிற ஆள்

“இந்த லீவரைப் பூட்டினா அந்த ஆளுக்கு இனி வேலையில்லை. அப்பிடித்தானே?” என்று கேட்டு, மெக்கானிக் லியோன் ஸ்பனரைக் கீழே வைத்தார்.

“ஓம் அண்ணை,” என்றான் ஜெயரூபன்.

பழைய பஸ் ஒன்றைப் படம் காட்டும் வண்டியாக மாற்றி, ஊர்காவற்றுறைப் பக்கம் ஊர் ஊராகத் திரை கட்டுகிறவன் அவன். பஸ் நிற்கும்போது எஞ்சின் மெதுவாக ஓடினால் கரண்ட் காணாது, படம் மங்கிவிடும். அதனால் படம் முடியும்வரை ஒருவர் ட்ரைவர் சீற்றிலிருந்து அக்சிலேற்றரை மிதித்துக்கொண்டே இருக்கவேண்டும். லீவரைப் பொருத்திவிட்டால் அக்சிலேற்றர் தானாகவே அமுங்கி நிற்கும்.

“எவ்வளவு காலமா அந்த ஆள் மிதிக்குது?”

“தொடங்கின நாளிலயிருந்து.”

“ஏதும் பிழை விட்டதோ?”

“இல்லை. கால் நோகுதெண்டுகூடச் சொன்னதில்லை.”

லியோனுக்குக் கோபம் வந்துவிட்டது. “ஒருத்தற்ற வயித்தில அடிக்கிற வேலையை நான் செய்யமாட்டன், தம்பி. நீர் வேற ஆளைப் பாரும்.”

ஜெயரூபன் தலையைச் சொறிந்தான். “அது என்ர மனிசி கோசலா, அண்ணை. இவ்வளவு படத்தையும் அவ காதாலதான் கேட்டவ. ஒண்டையாவது எனக்குப் பக்கத்தில இருந்து பாக்கட்டும் எண்டுதான்.”

லியோன் ஸ்பனரைத் திரும்ப எடுத்தார்.

சனிக்கிழமை சுருவில் கிராமத்தில் படம். லீவர் ஒழுங்காக நிற்கிறதா என்று பார்க்க லியோனும் போனார். ட்ரைவர் சீற் வெறுமையாக இருந்தது. எஞ்சின் பிசகாமல் ஓடியது. முன்வரிசையில், புருசனுக்குப் பக்கத்தில், கோசலா திரையைவிட்டுக் கண்ணெடுக்காமல் இருந்தாள்.

அவளுடைய வலது கால் மட்டும் மணலை அழுத்தி மிதித்தபடியே இருந்தது.