கூறை எடுக்கப் போன நாள்

"உவன் ஏன் பிள்ளை உப்பிடிக் கத்துறான்?"

காரில் ஓடிக்கொண்டிருந்த ஸ்பானிஷ் ரொக் பாட்டைத்தான் பாலேஸ்வரி கேட்டாள். பள்ளிக்கூடத்தில் ஸ்பானிஷ் படித்த மகள் நிலாணி ஸ்டீயரிங்கை இறுகப் பிடித்துக்கொண்டாள். 'நீ போய்விட்டாய், நான் இன்னும் இரண்டு கோப்பையில் கோப்பி ஊற்றுகிறேன்' என்று பாடகன் கதறிக்கொண்டிருந்தான்.

"அது... ஒரு மீன்பிடிகாரன்ர பாட்டு, அம்மா. கடலுக்குப் போறானாம்."

"மீன் பட்டுதோ?"

"இல்லையாம்."

"பாவம். அதுதான் அழுறான்."

ரூஜ் பகுதியிலிருந்து மார்க்கம் நகருக்குக் கலியாணக் கூறைச் சேலை எடுக்கப் போய்க்கொண்டிருந்தார்கள். ஆனால் மாப்பிள்ளை மிதுனனோ, தனக்கு வேறொருத்தியைப் பிடித்திருப்பதாகச் சொல்லி ஏற்கெனவே விலகிவிட்டான். அன்றிலிருந்து நிலாணி குளியலறையைப் பூட்டிக்கொண்டு, தன் அழுகை வெளியே கேட்காதிருக்க இந்தப் பாட்டைத்தான் உரக்கப் போடுகிறாள்.

அப்பா இல்லாத வீடு. பேக்கரித் தொழிற்சாலையில் கால் வீங்க நின்று அவளை வளர்த்தவள் அம்மா. இந்தக் கலியாணத்தில்தான் அவள் உயிரே இருக்கிறது. கேட்டால் தாங்கமாட்டாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாதென்று தெரிந்தும், நிலாணிக்கு வாய் வரவில்லை.

"அரக்குச் சிவப்பு எடுப்பமோ?"

"உங்கட விருப்பம், அம்மா."

"கட்டப்போறது நீயெல்லோ?"

நிலாணிக்குக் கண்ணீர் கண்ணை மறைத்தது. கடை வாசலில் ஒருவாறு காரை நிறுத்தினாள்.

"அம்மா..."

"என்ன பிள்ளை?"

"ஒண்டுமில்லை. இறங்குவம்."

பாட்டை நிறுத்தக் கையை நீட்டினாள். பாலேஸ்வரி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். சீற் பெல்ற்றை அவள் இன்னும் கழற்றவில்லை.

"நிப்பாட்டாதை. கடைசி வரி இனித்தான் வரும்."

"உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

பாலேஸ்வரி பாடகனோடு சேர்ந்து மெல்லப் பாடினாள். ஸ்பானிஷில், ஒரு சொல்லும் பிசகாமல்.

"'எண்டாலும் நாளைக்கும் நான் யன்னலைத் திறப்பன்' எண்டுதான் முடிக்கிறான். கடலுமில்லை, மீனுமில்லை. பேக்கரியில என்னோட நிண்டதுகள் முழுக்க ஸ்பானிஷ் பெட்டையள், பிள்ளை. குளியலறைக்குள்ள நீ ஒவ்வொரு நாளும் உந்தப் பாட்டைப் போட, நான் வெளியில நிண்டு கேட்டனான்."

நிலாணி உடைந்துபோனாள். "அம்மா, மிதுனன்..."

"தெரியும். அவனிட்டயே கேட்டிட்டன். கடை வாசலிலயாவது வாய் திறப்பாய் எண்டுதான் வெளிக்கிட்டனான்" என்ற பாலேஸ்வரி, மகளின் முகத்தைச் சேலைத் தலைப்பால் துடைத்தாள். "கலியாண மண்டபத்தைப் போன கிழமையே கான்சல் பண்ணிட்டன். காரைத் திருப்பு, வீட்டை போவம்."