கரண்டு கிட்டாருக்கு மூன்றாம் பூச்சு

“பெயிண்டு அடிச்சு அதைக் கொன்னு போட்டியே மக்கா” என்றார் ரசலையன்.

வடசேரியில் பஸ்ஸுக்குப் பாடி கட்டும் அந்தப் பட்டறையில் சுத்தியல் சத்தம் நின்றது. எல்லாரும் குமாரதாஸைத் திரும்பிப் பார்த்தார்கள். பஸ்ஸுக்குப் பெயிண்ட் அடிப்பதில் அவனை மிஞ்ச நாகர்கோவிலில் ஆளில்லை என்று பெயர்.

ரசலையன் சிங்கப்பூர் ஹோட்டல் ஒன்றில் பேண்டு வாசித்தவர். ஜப்பான் சண்டை முடிந்து ஊர் திரும்பும்போது அவர் கொண்டுவந்த சொத்து இந்தக் கரண்டு கிட்டாரும் அதன் சத்தப்பெட்டியும்தான். சபையில் அவர் வாசிக்க உட்கார்ந்தால் கைக்குழந்தைகூட அழாது. சுருதி விஷயத்தில் அவர் காது சொன்னதுதான் தீர்ப்பு.

கடல்காற்று பட்டுக் கிட்டாரின் பழைய பூச்சு வெடித்து உரிந்திருந்தது. கிறிஸ்துமஸுக்கு முன்னால் புதுசாக்கித் தரச் சொன்னார். குமாரதாஸ் உப்புத்தாளால் கட்டை தெரியும்வரை தேய்த்து, பஸ்ஸுக்கு அடிக்கிற பச்சையை அடித்துக் கொடுத்தான். முகம் பார்த்துத் தலை சீவலாம், அப்படி மின்னியது.

பார்க்க அழகுதான் என்று அவரும் ஒப்புக்கொண்டார். ஆனால் வாசித்துப் பார்த்துவிட்டு மறுநாளே தூக்கிக்கொண்டு வந்தார். பூச்சு கனமாகிவிட்டதோ என்று அவன் அத்தனையும் சுரண்டி, மெல்லிசாக இன்னொரு தரம் அடித்தான். இப்போது அதையும் கொண்டுவந்து நிற்கிறார்.

“தடிச்ச கம்பிக்கு ஒண்ணும் இல்ல. சின்னக் கம்பிதான் செத்துப்போச்சு. முன்ன ஊசி மாதிரி குத்தும். இப்பம் சாக்குக்குள்ள கெடந்து முனகுகு.”

குமாரதாஸ் மூக்கையும் வாயையும் சேர்த்துத் துணி கட்டிக்கொண்டு ஒரு பஸ்ஸின் பக்கவாட்டுக்குப் பெயிண்ட் பீச்சிக்கொண்டிருந்தான். அப்படியே திரும்பிச் சொன்னான். “அண்ணாச்சி, இது பொந்து இல்லாத ஒத்தக் கட்டை. இதுல கம்பியும் கரண்டும்லா பேசுகு. மேல்பூச்சு என்ன செய்யும்?”

“மூத்தவங்ககிட்ட பேசும்பம் அந்தத் துணியை அவுத்துட்டுப் பேசு.”

சுர்ரென்று வந்தது அவனுக்கு. பல்லைக் கடித்துக்கொண்டு துணியை அவிழ்த்தான். சொன்னதையே மறுபடியும் சொன்னான்.

“கட்டையும் பேசும் மக்கா. உனக்குத் தெரியாது. சுரண்டு.”

மூன்றாம் தடவை சுரண்டினான். பச்சை வேண்டாம் என்று விட்டுவிட்டு, கட்டையின் ரேகை தெரிய வார்னிஷை மட்டும் துணியில் தொட்டுத் தடவினான். விரல் நுனிகளில் தோல் உரிந்து, சோறு பிசையும்போது எரிந்தது.

கிறிஸ்துமஸ் பாட்டுப் பயிற்சிக்குச் சபையார் கூடியிருந்த அன்று அவனும் போய்ப் பின்வரிசையில் நின்றான். ரசலையன் வாசித்தார். பாட்டுக் குழுவை நடத்தும் ஞானதாசன் கண்ணை மூடித் தலையாட்டினார். நாலு வரி போனதும் ரசலையன் நிறுத்தி, பெட்டியிலிருந்து வயரைப் பிடுங்கினார்.

“நல்லாத்தானே இருக்கு?” என்றார் ஞானதாசன்.

“செத்துப்போச்சு. இந்தக் கிறிஸ்துமஸுக்கு நான் வாசிக்கல்ல.”

ரசலையன் காதோடு யார் வாதாடுவது? வரிசை வரிசையாகத் தலைகள் குமாரதாஸ் பக்கம் திரும்பின.

பேச்சு கடைத்தெரு வரைக்கும் போயிற்று. புது பஸ்ஸுக்கு அவன்தான் பெயிண்ட் அடிக்க வேண்டும் என்று சொல்லிவைத்திருந்த பஸ் முதலாளி முத்துநாயகம், வேலையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார். “கோவிச்சுக்கிடாத. நீ அடிச்சா ஹாரன் சத்தமும் செத்துப்போவும்னு ஆளுவ சிரிக்காவ” என்றார்.

குமாரதாஸ் நேராக ரசலையன் வீட்டுக்குப் போனான். வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. முற்றத்தில் துணி எடுத்துக்கொண்டிருந்த அவர் மனைவி லீலாபாய், “உள்ளதான் இருக்காவ. மனசே சரியில்ல. பாத்துப் பேசுங்க” என்றாள்.

“எனக்கு மட்டும் மனசு சரியா இருக்காக்கும் மைனி?” என்று சொல்லிவிட்டு உள்ளே நுழைந்தான்.

ரசலையன் வாசலுக்கு முதுகு காட்டி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். மடியில் கிட்டார். துணியால் கம்பிகளைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“அண்ணாச்சி, நீங்க சொல்லச்சொல்ல சுரண்டுனேன். கையில தோலு இல்ல. உங்க ஒத்தச் சொல்லுல எனக்க பேரு போச்சு, கைக்கு வந்த வேலை போச்சு. சபையில ஞானதாசனே நல்லாருக்குன்னு சொன்னாவ. உங்களுக்கு மட்டும் என்ன கொறச்சல் தெரியுகு?”

அவர் திரும்பவில்லை. துணி மட்டும் கம்பிமேல் போய்ப் போய் வந்தது.

“நான் அடிச்ச பூச்சு அதைக் கெடுக்கல்ல. நாளைக்கு சபையில எல்லாரும் கேக்க நீங்க அதைச் சொல்லணும். சொல்லுவியளா, மாட்டியளா?”

அதற்கும் அவர் திரும்பவில்லை. ஒரு வார்த்தைக்குக்கூட லாயக்கற்றவனாகிவிட்டோமா என்று குமாரதாஸுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. கண்ணில் நீர் முட்டியது. இரண்டே எட்டில் போய் அவர் தோளைப் பிடித்து உலுக்கினான்.

ரசலையன் தூக்கிவாரிப்போட்டுத் திரும்பினார். கிட்டார் மடியிலிருந்து சரிந்தது. அதைப் பிடித்துக்கொண்டு அவன் முகத்தை அண்ணாந்து பார்த்தார்.

“நீ எப்பம் வந்த?”

அவன் தோளிலிருந்து கையை எடுத்தான். அவர் எழுந்து, கிட்டாரைக் கட்டிலில் கிடத்தினார். வாசல் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“இப்பிடி எனக்க முன்னால இருந்து சொல்லு மக்கா. வாயைப் பாத்தாத்தான் எனக்கு மனசிலாவும்.”