பின்சீட் ஆபீஸ்

"மண்டையில ஏதாவது இருக்கா உனக்கு? உன்னையெல்லாம் எவன் வேலைக்கு வெச்சான்?"

"சிரமத்துக்கு மன்னிக்கணும், சார். உங்க பொறுமைக்கு நன்றி" என்றாள் அவள். ஹெட்போனுக்குள் அந்த ஆள் இன்னும் கொஞ்சம் குரைத்துவிட்டு லைனை வெட்டினான்.

டிரைவர் சீட்டில் சாய்ந்து கிடந்த புருஷன் திரும்பாமலே சிரித்தான். "ஊரான் திட்டறதை வாங்கிக் கட்டிக்கறதுக்கு ஒரு வேலை. அதுக்கு என் வண்டி பேட்டரி ஒரு கேடு."

தெருமுனை டிரான்ஸ்ஃபார்மர் காலையில் புகைந்து உட்கார்ந்துவிட்டது. அதனால்தான் அவளுடைய ஆபீஸ் அவனுடைய டாக்ஸியின் பின்சீட்டுக்கு வந்திருந்தது. பேட்டரியைக் கவ்விய இரண்டு கிளிப், அதிலிருந்து ஜன்னல் வழியாக ஒயர், காலடியில் செங்கல் அளவுக்கு ஓர் இன்வெர்ட்டர், மடியில் லேப்டாப். லேப்டாப்பின் சொந்த பேட்டரி எப்போதோ செத்துப்போனது. கிளிப்பைப் பிடுங்கினால் எல்லாம் அதோடு சரி.

முன்னால் பானெட் ஆவென்று வாயைப் பிளந்து நின்றது. அதைத் தாங்கும் கம்பி ஒடிந்துபோனதால் ஒரு கைத்தடியை முட்டுக் கொடுத்திருந்தான், பிடியில் மஞ்சள் கம்பளி நூல் சுற்றிய தடி. தெருவில் போனவர்கள் "வண்டி ரிப்பேரா?" என்று கேட்டார்கள். "வண்டி நல்லாத்தான் இருக்கு, வீட்டுக்காரிதான் ரிப்பேர்" என்று அவன் ஒவ்வொருத்தருக்கும் சலிக்காமல் பதில் சொன்னான்.

வாஷிங் மெஷின் ஓடவில்லை, செருப்பு அளவு மாறி வந்துவிட்டது என்று எந்தக் கம்பெனியைத் திட்டினாலும் அது அவள் காதில்தான் வந்து விழும். பல கம்பெனிகளுக்குப் புகார் வாங்கிக் கொடுக்கிற ஆபீஸ் அது. காலையில் கரண்ட் போனபோதே ஒருமுறை லைன் அறுந்துவிட்டது. "இன்னொரு தடவை அறுந்தா நாளைக்கு வேலைக்கு உக்காராதே" என்று சூப்பர்வைசர் சொல்லியாயிற்று.

"ஏங்க, கொஞ்சம் ஏசி போடுங்களேன். வேர்த்து ஊத்துது."

"பெட்ரோல் உங்கப்பனா போடறான்? காலையிலேர்ந்து ஆளாளுக்கு ஏசி ஏசின்னு உயிரை வாங்கறீங்க!" அவனுக்குச் சூடு ஏறிவிட்டது. "ஏசியில உக்காந்து பொத்தானைத் தட்டறவளுகளுக்கு டிரைவர் பொழப்பு என்ன தெரியும்? போன மாசம் எவனோ கம்ப்ளைன்ட் குடுத்தான்னு டாக்ஸி கம்பெனியில என் ஐடியை ரெண்டு நாள் நிறுத்தினாளே ஒருத்தி, அவ மட்டும் கையில கிடைக்கட்டும். அடுத்த கம்ப்ளைன்ட்ல மொத்தமா தூக்கிடுவாளாம்."

அவள் முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள். அந்த வண்டி ஓடினால்தான் பாதி வீடு ஓடும்.

அவன் போன் கிணுகிணுத்தது. பேட்டரிக்காக ஓடிக்கொண்டிருந்த எஞ்சினை அணைத்துவிட்டுக் கதவைத் திறந்தான். "சவாரி வந்துடுச்சு. இறங்குடி."

இன்வெர்ட்டர் கீச்கீச்சென்று கத்த ஆரம்பித்தது. அதே நேரத்தில் அவள் திரையிலும் ஓர் அழைப்பு வந்தது. டாக்ஸி கம்பெனி மேல் புகார். இந்த வாரம்தான் அவர்கள் அவள் ஆபீஸைப் பிடித்திருந்தார்கள்.

"ஒரே ஒரு கால்தாங்க. லைன்ல வந்துட்டாங்க."

"கிளிப்பைப் பிடுங்கினா தன்னால போயிடுவாங்க" என்றபடி அவன் முன்பக்கம் போனான்.

ஹெட்போனில் ஒரு பெண். கத்தவில்லை. கத்தாத குரல் என்றால் அவளுக்கு எப்போதும் கொஞ்சம் பயம்.

"எங்கப்பா காலையில உங்க டாக்ஸியில ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினாரு. மூச்சு முட்டுது, ஏசி போடுப்பான்னு கேட்டிருக்காரு. அந்த டிரைவர் பாலத்து நடுவுல நிறுத்தி, இறங்குன்னுட்டான். அவர் ஒரு காலை வெளியில வெச்சாரோ இல்லையோ, வண்டியை எடுத்துட்டான். விழுந்ததுல இடுப்பு எலும்பு ஒடிஞ்சுபோச்சு."

"ஏய்! இறங்கறியா, இழுத்துப் போடட்டுமா?" என்று முன்னாலிருந்து சத்தம் வந்தது.

அவள் திரையில் இருந்த அடுத்த கேள்வியைப் படித்தாள். "பொருள் ஏதாவது வண்டியில விட்டுட்டாரா, மேடம்?"

"கைத்தடிதான். பிடி உள்ளங்கையை உறுத்துதுன்னாரு. நான்தான் மஞ்சள் கம்பளி நூல் சுத்திக் குடுத்தேன்."

அவள் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தாள். அவன் பானெட்டைத் தோளால் தாங்கிக்கொண்டு, தடியை உருவிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கிளிப்பைத் தேடிக்கொண்டிருந்தான்.

திரையின் மூலையில் இந்த வண்டியின் எண் இருந்தது. கீழே இரண்டு பொத்தான்கள்: ஒன்று விசாரிக்க, ஒன்று டிரைவரின் ஐடியை நிறுத்த. இன்வெர்ட்டரின் கீச்சல் ஒரே இழுப்பாக நீண்டது.

"தடி இன்னைக்கே வந்துடும், மேடம்" என்றாள். "நானே கொண்டு வந்து தரேன்."

கிளிப்பில் கை வைத்த அவன் சட்டைப்பையில் போன் கிணுகிணுத்தது. எடுத்துப் பார்த்தான். தோளிலிருந்து நழுவிய பானெட் தொப்பென்று ஒயர் மேல் விழுந்து பாதி மூடி நின்றது. இப்போதுதான் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவன் முகம் முழுசாகத் தெரிந்தது.

"சவாரி போச்சுடி! ஐடியே போச்சு!" தடியை ஓங்கிக்கொண்டு கத்தினான். "எவளோ ஒருத்தி ஏசியில உக்காந்துக்கிட்டு, ஒரே தட்டுல என் வயித்துல அடிச்சுட்டா!"

அவள் அடுத்த அழைப்புக்கு ஹெட்போனைச் சரிசெய்துகொண்டாள்.

"ஏசியில இல்லீங்க, உங்க பின்சீட்லதான் உக்காந்திருக்கேன். எஞ்சினைப் போடுங்க, எனக்கு டூட்டி இன்னும் முடியலை."