மூன்றாவது கை

தார்ன்பெக் டவுன் கால்பந்துக் கழகம் கலைந்து முப்பது வருடமாகிவிட்டது. அதன் பழைய கோல்கீப்பர் வில்ஃப், கழகத்தின் வரலாற்றை எழுதி முடிக்கும் தறுவாயில் இருந்தார். கடைசி அத்தியாயத்தில் கிளெம்மைக் கிழிகிழியென்று கிழித்திருந்தார்.

ஐந்து பேர் கொண்ட கழக நிர்வாகக் குழுவில் மூன்று பேர் விற்கலாம் என்று கை தூக்கியதால்தான் மைதானம் சூப்பர் மார்க்கெட்காரனுக்குப் போனது. இருவர் தாங்கள் கை தூக்கியதை ஒப்புக்கொண்டார்கள். மூன்றாவது ஆள் கிளெம் என்று, குழுவில் இருந்த வில்ஃபின் மனைவி நோராதான் அழுதுகொண்டே வந்து சொன்னாள். கிளெம் வில்ஃபுக்குப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட வந்த சிநேகிதன். அன்றோடு பேச்சுவார்த்தை அறுந்தது.

எதற்கும் ஒரு தடவை சரிபார்க்கலாம் என்று, கழகம் கலைந்ததும் வெளியூர் போய்விட்ட பழைய தலைவர் ஹம்ஃப்ரியிடம் அந்த அத்தியாயத்தைப் படித்துக் காட்டினார் வில்ஃப்.

"கிளெம்மா? யோவ், வேணாம் வேணாம்னு மேசையைக் குத்திச் சண்டை போட்டவன்யா அவன்! கை தூக்கினது உன் வீட்டுக்காரி. சனிக்கிழமையாவது ஆட்டம் ஆட்டம்னு ஓடாம புருஷன் வீட்ல இருக்கட்டும்னு சொன்னா."

வில்ஃப் மழையில் நனைந்தபடி போய்க் கிளெம்மின் கதவைத் தட்டினார்.

"ஏன்டா மறைச்சே? இத்தனை வருஷமா ஊரெல்லாம் உன்னைத் துரோகின்னு சொன்னேனேடா!"

கிளெம் ஒரு துண்டை எடுத்து நீட்டினார்.

"உண்மையைச் சொல்லியிருந்தா அவளை விட்டுட்டிருப்பே. நான் இல்லாம நீ இருந்துடுவே வில்ஃப். அவ இல்லாம இருக்க மாட்டே."

வில்ஃப் துண்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

"இன்னைக்கு இங்கேயே படுத்துக்கட்டுமாடா?"