இரண்டாம் பாதி

"தலை சுத்துதா கண்ணு?"

"இல்லீங்க."

"வாந்தி வர்ற மாதிரி இருக்குதா?"

"அதெல்லாம் இல்லீங்க. நல்லாத்தானுங்க இருக்கறேன்."

காரமடை மைதானத்தில் பள்ளிப் பெண்களுக்கான கபடி இறுதி ஆட்டம். முதல் பாதி முடியும் நேரத்தில் எதிரணியில் மூன்று பேர் சேர்ந்து லோகப்பிரியாவை மடக்கிச் சாய்த்ததில், பின்மண்டை 'ணங்'கென்று தரையில் மோதியிருந்தது. சோமனூரில் தறி ஓட்டும் நஞ்சுண்டன் கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடிவந்து, மகளின் தலையைத் தடவிப் பார்த்தார். ரத்தம் இல்லை. வீக்கம்கூட இல்லை.

பி.டி. வாத்தியார் சென்னகேசவன் சோடாவை நீட்டினார். "குடிச்சுப்போட்டு எறங்கட்டுமுங்க. செலக்ஷன்காரங்க இவ ஆட்டத்தைப் பாக்கத்தான் வந்திருக்காங்க. ஸ்போர்ட்ஸ் ஆஸ்டல்ல எடம் கெடைச்சுட்டா படிப்பு, சோறு எல்லாம் கவர்மெண்டுதானுங்க."

"இருங்க சார். எங்க தறிக்குடோன்ல மாசாணம்னு ஒருத்தன் இப்படித்தான் மண்டையில அடிபட்டு, ஒண்ணுமில்லைன்னு டீ குடிச்சுப்போட்டுப் படுத்தான். எந்திரிக்கவே இல்லீங்க."

"அட, நீங்க ஒண்ணு! ரத்தம் வந்தாத்தானுங்க பயம். வேணும்னா நீங்களே ஏதாச்சும் கேட்டுப் பாருங்க."

நஞ்சுண்டன் மகளுக்கு எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"உம்பட பேரு என்ன அம்மணி?"

"லோகப்பிரியாங்க."

"எந்த ஊரு?"

"சோமனூருங்க."

"யாரு முன்னால இருக்கறாங்க?"

"நாங்கதானுங்க. ரெண்டு பாயிண்டு."

"பாத்தீங்களா!" வாத்தியார் சிரித்துவிட்டார். "கேட்டதுக்கெல்லாம் டக்கு டக்குன்னு பதில். அதுலயும் என்ன மரியாதை! எங்க ஊட்லயும்தான் ஒண்ணு இருக்குதே. அதுக்கு அப்பன்னா வேலைக்காரன்."

நஞ்சுண்டனுக்கும் சிரிப்பு வந்தது. நடுவர் விசில் ஊதினார்.

"சரி கண்ணு, போய்ட்டு வா. பாத்து ஆடோணும்."

லோகப்பிரியா எழுந்து நடந்தாள். கோட்டுக்குப் பக்கத்தில் போனவள் என்னவோ நினைத்துக்கொண்டு திரும்பி வந்து, நஞ்சுண்டனிடம் மட்டும் கேட்கும்படி மெதுவாகச் சொன்னாள்.

"ஏனுங்க, ஒரு ஒத்தாசை பண்ணுங்க. எங்கப்பா ஷிப்டு முடிச்சுப்போட்டு வாரேன்னாருங்க. வந்து தேடுனா, நான் உள்ள ஆடிட்டு இருக்கறேன்னு சொல்லிருங்க."

நஞ்சுண்டன் அவள் கையை எட்டிப் பிடித்தார். விடவில்லை.

"உங்கப்பா ஆஸ்பத்திரிக்குத்தான் வாராரு கண்ணு. வா, நாம போலாம்."