சலோமி மறந்த வரி

சலோமி பாடும் ரஷ்யப் பாடல்களுக்கு அவள் தம்பி ரூபன்தான் பியானோ. அந்தப் பாடல்களில் கவிதை முடிந்த பிறகும் பியானோ மட்டும் ஒரு நிமிடம் தனியாகப் பேசும். எங்கள் ஊர்க்காரர்கள் குரல் நின்றதுமே கைதட்டிவிடுவார்கள். பதினோரு வருடங்களாக அந்த ஒரு நிமிடத்தை யாரும் கேட்டதில்லை. "இன்னிக்கோட சரிக்கா. இனிமே வேற ஆளைப் பாத்துக்கோ" என்று காரில் வரும்போதே ரூபன் சொல்லிவிட்டான். இருவரும் மேடை ஏறினார்கள். முதல் பாட்டில் ஒருத்தி கதவைச் சாத்துகிறாள், வெளியே பனி விழத் தொடங்குகிறது, கவிதை அவ்வளவுதான். பாடி முடித்த சலோமி வாயை மூடவில்லை. அடுத்த சொல் உதடுவரை வந்துவிட்டதுபோல மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். தட்டுவதற்காகத் தூக்கிய கைகள் அந்தரத்திலேயே காத்திருந்தன. ஒரு இருமல்கூட இல்லை. அந்த அமைதியில் ரூபனின் பியானோவில் பனி மெல்ல இறங்கி, கூரையை மூடி, வேலியை மூடி, சாத்திய கதவின் படியையும் மூடிவிட்டு நின்றது. அதன் பிறகே அவள் வாயை மூடினாள். முன்வரிசைப் பெரியவர் மனைவியிடம், "கடைசி வரி மறந்துபோச்சு போல, பாவம்" என்றது மேடைவரை கேட்டது. சலோமி அவரைப் பார்த்து ஆமாம் என்று தலையசைத்தாள். ஆறுதல் சொல்வதுபோல எல்லோரும் பலமாகக் கைதட்டினார்கள். ரூபன் அடுத்த பாட்டின் தாளை எடுத்து வைத்துக்கொண்டே, தலை நிமிராமல் முணுமுணுத்தான்:

"இதுலயும் மறந்துடுக்கா."