அதன் வழியாக

ஒன்பது மணிக்குத் தேவமலரின் கைப்பேசி கூவியது. மாத்திரையை விழுங்கி முகக்கவசத்தை ஏற்றிவிட்டு, வழக்கம்போல அடிவயிற்றில் கையை வைத்துக்கொண்டாள்.

தொளதொள சட்டை, முடித்துவந்த மூன்று மாத மருத்துவ விடுப்பு, வேளை தவறாத மாத்திரை. வேலைக்குச் சேர்ந்து இரண்டே வாரமான தனபாலன் யாரையும் கேட்கவில்லை. இரண்டு பெண் பெற்றவருக்கு இதுகூடவா தெரியாது?

செங் நகரில் இருந்த அந்தச் சின்ன மென்பொருள் அலுவலகத்தில், ஒரு நிரல்மொழியின் விதிநூலை இருவரும் தமிழாக்கிக்கொண்டிருந்தார்கள். நிரலில் ஒரு வகுப்பிலிருந்து இன்னொரு வகுப்பு பிறக்கும். தாய், சேய் என்று பெயர். பத்து மணிக்கு அச்சுக்குப் போகவேண்டும். தேவமலரோ ஒற்றை வரியில் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள்.

‘தாயின் காக்கப்பட்ட உறுப்பை, சேய் அதன் வழியாகத் தொடலாம்.’

“‘அதன்’னா எது அண்ணே? தாயா, சேயா?”

“எதா இருந்தா என்னம்மா? படிக்கிற பிள்ளைங்களுக்குப் புரியும் லா.”

“தப்பாப் புரியும். தாயை நேராப் போய்த் தொட முடியாது, எரர் அடிக்கும். தனக்குள்ள வந்திருக்கிற தாயோட பங்கை மட்டும்தான் சேய் தொடலாம். ‘தன் வழியாக மட்டுமே’ன்னு போடுங்க.”

“பிரிண்டர் கத்துவான்மா. ஒரு சொல்லுதானே!”

“ஒரு சொல்லுதான் அண்ணே. ஆனா தாயைத் தொடலாம்னு பொய் சொல்லக் கூடாது.” கண்ணீர் முகக்கவசத்தை நனைத்தது.

தனபாலன் பதறிப்போனார். போயும் போயும் பிள்ளைத்தாச்சியை அழவைத்துவிட்டோமே என்று தன்னையே திட்டிக்கொண்டார். சட்டென்று சொல்லை மாற்றித் தட்டினார்.

“மாத்திட்டேன், பாரு. இந்த நேரத்துல மனசு கலங்கக் கூடாதும்மா. அம்மாவைக் கொஞ்ச நாள் கூட வந்து இருக்கச் சொல்லேன்.”

“அம்மா இல்ல அண்ணே. செர்காம் ரோட்டுல லோரி மோதி நாலு மாசமாச்சு.”

அவருக்குத் தன் மகள்களின் முகம் கண்ணில் வந்து நின்றது.

“ஐயோ... அப்ப பிள்ளை பொறக்கிறப்ப உனக்கு யாரும்மா துணை?”

அவள் நிமிர்ந்து பார்த்தாள். வயிற்றிலிருந்து கையை மட்டும் எடுக்கவில்லை.

“பிள்ளை இல்ல அண்ணே... எங்கம்மாவோட கிட்னி.”